அந்த எழுத்தை ஏன் தேய்த்தீர்கள்?

நம்ம வேலூர் சைதாப்பேட்டையில் ஒரு பழைய வீட்டில் கழற்றிய மின் சாக்கெட்டை விற்பதற்காக நேற்று படம் போட்டிருந்தார்கள்; பார்த்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று புரியும். உப்புத்தாளால் தேய்த்து, பாலிஷ் போட்டு, 'வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்' என்று எழுதியிருந்தார்கள். தேய்க்கும் முன் எடுத்த படத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை தெளிவாக இருந்தது. ஐ.எஸ்.ஐ. என்ற இந்தியத் தர நிறுவனம் தொடங்கியதே 1947இல். பிறகு எப்படி அது வெள்ளைக்காரன் காலத்துச் சாமான் ஆகும்?

இதைச் சொன்னால், 'எழுத்தையா பாக்கறீங்க, அழகைப் பாருங்க' என்கிறார்கள். அழகைப் பார்க்க வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? எழுத்தை அழிக்காதீர்கள் என்றுதான் சொன்னேன்.

என் அப்பா கொசப்பேட்டையில் வயர்மேன். பழைய வீட்டில் வேலை என்றால் முதலில் மெயினை ஆஃப் பண்ணுவார். கழற்றிய சாக்கெட்டைக் கவிழ்த்து, தேய்ந்துபோன பல் பிரஷால் தூசு தட்டி, டார்ச்சைச் சாய்த்துப் பிடிப்பார். நேராக அடித்தால் தெரியாத எழுத்து பக்கவாட்டு வெளிச்சத்தில் எழும்பி வரும். எம்.கே., கிராப்ட்ரீ, ஜி.இ.சி.யின் மேக்னட் என்ற கம்பெனிப் பெயர்கள் எல்லாம் நான் அப்படி எழுத்துக்கூட்டிப் படித்தவைதான். எம்.கே.யும் கிராப்ட்ரீயும் 1919இல் இங்கிலாந்தில் தொடங்கிய கம்பெனிகள். பி.எஸ். 546 என்ற பிரிட்டிஷ் தர எண் இருந்தால் 1934க்கு முந்தியதாக இருக்க முடியாது, அந்த எண் வந்ததே அந்த வருஷம்தான். ஆங்கர் என்ற கம்பெனிப் பெயர் இருந்தால் 1963க்கு அப்புறம்.

'மேட் இன் இங்கிலாந்துன்னு இருந்தா போதாதா?' போதாது. சுதந்திரத்துக்கு அப்புறமும் அங்கிருந்து சாமான் வந்தது. 'உருண்டை பின்னே சாட்சி' என்பதும் சரியில்லை. இன்றைக்கு நம் வீட்டுச் சுவரில் இருப்பதும் அந்த 546 வழிவந்த உருண்டை பின்தான். எழுத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பழசை மாட்டினால் ஆபத்து என்கிறீர்களா? சரி, மாட்டாதீர்கள்.

'விக்கிறவன் விக்கிறான், உனக்கென்ன?' என்றும் ஒருவர் கேட்டார். அப்பா போன பிறகு, நான் ஊரில் இல்லாதபோது, அவர் பழைய சாக்கெட்டுகளைச் சேர்த்து வைத்திருந்த டிரங்குப் பெட்டியைச் சொந்தக்காரர் ஒருவர் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார். ஒவ்வொரு சாக்கெட்டிலும் எந்தத் தெரு, எந்த வீடு என்று எழுதி நூலில் கட்டியிருந்தார் அப்பா. நான் போய்ச் சேர்வதற்குள் உள்ளே இருந்த பித்தளைக்காக எல்லாவற்றையும் உடைத்திருந்தார்கள். அப்பா படித்தவர் இல்லை என்பதால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் குப்பையா?

கழற்றுங்கள், விற்றுக்கொள்ளுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. உப்புத்தாளை எடுக்கும் முன் கவிழ்த்து ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அது போதும்.