ஸ்வப்னா பர்மன்னா ஆறு விரல் மட்டும்தானா?

நம்ம ஹெப்டத்லான் வீராங்கனை ஸ்வப்னா பர்மன் பேரு வந்தாலே எல்லாரும் சொல்றது ஒண்ணுதான். ரெண்டு கால்லயும் ஆறாறு விரல், அப்பா ரிக்‌ஷா ஓட்டினவர், அம்மா தேயிலைத் தோட்டத்துல வேலை பார்த்தவங்க. எல்லாம் நிஜம்தான், மேற்கு வங்காளத்துல ஜல்பைகுரில இருந்து வந்தவங்க, சாதாரண ஷூவுக்குள்ள பாதம் நசுங்க நசுங்கத்தான் இத்தனை வருஷம் ஓடியிருக்காங்க, ஏஷியன் கேம்ஸ்ல மெடல் வாங்கினதுக்கு அப்புறம்தான் அடிடாஸ் அவங்க காலுக்குன்னு தனியா ஷூ செஞ்சு குடுத்துச்சு. ஆனா இதோட கதைய முடிச்சிடுறாங்க பாருங்க, அதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. கிரவுண்டுல என்ன பண்ணாங்கன்னு ஒருத்தரும் பேசறதில்ல.

2018 ஜகார்த்தா ஏஷியன் கேம்ஸ். ஹெப்டத்லான்னா ரெண்டு நாள்ல ஏழு ஈவென்ட், ஒவ்வொண்ணுக்கும் பாயின்ட், மொத்தத்துல யாருக்கு அதிகமோ அவங்களுக்குத் தங்கம். முதல் நாள் ஹர்டில்ஸ், ஹை ஜம்ப், ஷாட்புட், 200 மீட்டர், மறுநாள் லாங் ஜம்ப், ஜாவ்லின், உடம்புல தெம்பே இல்லாத நேரத்துல 800 மீட்டர். தாவுறதுக்கு லேசான உடம்பு வேணும், குண்டு எறிய பலம் வேணும், ரெண்டும் ஒரே ஆள்கிட்ட கேக்குற போட்டி இது. ஸ்வப்னாவுக்கு ஸ்பீடு கொஞ்சம் கம்மி, 200 மீட்டர் 26.08 செகண்ட், அங்க பாயின்ட் நிறைய போச்சு. ஆனா ஹை ஜம்ப்ல 1.82 மீட்டர், ஜாவ்லின்ல 50.63 மீட்டர், ரெண்டுலயும் அவங்கதான் ஃபர்ஸ்ட்! அதுவும் பல்வலி தாங்காம கன்னத்துல பெரிய பிளாஸ்டர் ஒட்டிக்கிட்டு.

கடைசி 800க்கு முன்னாடி சீனாவோட வாங் சிங்லிங்க விட 64 பாயின்ட் லீடு. கேக்க பெருசா இருக்கும், ஆனா அந்த ஓட்டத்துல ஒரு செகண்டுக்கு ஏறக்குறைய 13 பாயின்ட், அஞ்சு செகண்ட் பின்தங்கினா தங்கம் கைய விட்டுப் போயிடும். ஸ்வப்னா 2 நிமிஷம் 21.13 செகண்ட்ல முடிச்சாங்க. மொத்தம் 6026 பாயின்ட். நம்ம சோமா பிஸ்வாஸ் 2002லயும் 2006லயும் ஏஷியன் கேம்ஸ்ல வெள்ளியோட நின்ன இதே போட்டியில இந்தியாவுக்கு முதல் தங்கம்.

2023 ஹாங்சோ ஏஷியன் கேம்ஸ்ல ஸ்வப்னா 5708 எடுத்து நாலாவது. வெண்கலம் நம்ம நந்தினி அகசராவுக்கு, 5712. வெறும் நாலு பாயின்ட், 800ல அரை செகண்டுகூட கிடையாது. இவ்ளோ நுணுக்கமான போட்டியில இத்தனை வருஷம் மேல நின்னவங்கள இன்னும் விரல எண்ணித்தான் அறிமுகப்படுத்தணுமா? அடுத்த தடவை அவங்களப் பத்தி எழுதுறவங்க அந்த 50.63 மீட்டரையும் சேர்த்து எழுதுங்கப்பா.