இது எந்தத் துறை?

என் மாணவியின் ஆய்வு முன்மொழிவுக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். "மெக்கானிக்கலா, பயோடெக்கா, முதலில் அதை முடிவு செய்யுங்கள்" என்று சொல்லிக் குழுவினர் கோப்பை மூடிவிட்டார்கள். அவள் கேட்ட ஆய்வுக் கேள்வியை ஒருவரும் தொடவில்லை.

ஏறத்தாழ 8 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள நல்ல சிவப்பணு, தன்னைவிடக் குறுகிய இடுக்கிலும் வளைந்து நுழைந்துவிடும். மலேரியா ஒட்டுண்ணி புகுந்த அணு விறைத்துப்போய்த் திணறும். சிலிக்கோன் ரப்பரில் வார்த்த, தலைமுடியைவிட மெல்லிய கால்வாயில் அந்தத் திணறலை அளப்பதுதான் அவளுடைய வேலை. இதில் பொறியியல் எங்கே முடிகிறது, உயிரியல் எங்கே தொடங்குகிறது என்று அந்தக் குழுவே கோடு போட்டுக் காட்டட்டும்.

நான் முனைவர் பட்டத்துக்கு உழைத்தபோது, சிப்பில், அதாவது நுண்கால்வாய்கள் வார்த்த சிறு தகட்டில், வளர்த்த செல்கள் மூன்று மாதமாக இரவோடிரவாக உரிந்துகொண்டே இருந்தன. பம்பைக் கழற்றிப் பார்த்தேன், ஓட்டத்தைக் குறைத்தேன், அச்சைப் புதிதாக வார்த்தேன். பக்கத்து உயிரியல் ஆய்வகத்துத் தோழி ஒரு மாலை வந்து, "மீடியத்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஊற்றுகிறாயா?" என்று கேட்டாள். மீடியம் என்பது செல்களுக்கு ஊட்டும் திரவம். குளிர்ந்த திரவம் 37 டிகிரி இன்குபேட்டரில் சூடேறும்போது, கரைந்திருந்த காற்று குமிழாகப் பிரிந்து, கால்வாய் வழியே நகர்ந்து செல்களை வழித்துக்கொண்டு போயிருக்கிறது. குமிழ் பிரியும் என்பது நான் படித்த பாடம். சூடாக்கிய பிறகே ஊற்றுவது அவளுடைய கைப்பழக்கம். இருவரும் ஒரே மேசையருகே நின்றபோதுதான் விடை கிடைத்தது. அந்த விடை எந்தத் துறை?

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்றால் ஆழம் வராது என்பீர்கள். வராமல் போவதும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2010இல் ஹார்வர்டில் நுரையீரலைப் போல இயங்கும் சிப்பை உருவாக்கிய டான் ஹூ பொறியியல் படித்தவர், டொனால்ட் இங்பர் செல் உயிரியல் படித்தவர். துளைகளுள்ள மெல்லிய சவ்வின் ஒருபுறம் நுரையீரல் செல்கள், மறுபுறம் ரத்தக்குழாய்ச் செல்கள். பக்கங்களில் வெற்றிடம் இழுக்க, சவ்வு மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்கும். அதில் எது ஆழமில்லாதது?

என் மாணவிக்கு நாளை யார் வேலை கொடுப்பார்கள் என்றும் கேட்கிறீர்கள். இளங்கலை முதல் முனைவர் பட்டம் வரை ஒரே துறையாக இருக்க வேண்டும் என்று விளம்பரம் எழுதுகிறவர்களே இதைக் கேட்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நானும் அந்த ஒரு வரியால் இரண்டு நேர்காணல்களில் வெளியே அனுப்பப்பட்டவன். அன்று வாய் திறக்கவில்லை. இன்று என் கண் முன்னால் ஒரு பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

அதே முன்மொழிவை ஒரு சொல்லும் மாற்றாமல் அடுத்த கூட்டத்துக்கு அனுப்புகிறோம். துறை என்ற கட்டத்தில் இரண்டையும் எழுதியிருக்கிறோம்.