ஒரிஜினல் டிஸ்க் வாங்கினவன்தான் திருடனா?

நேற்று ஒரு கேம் பதிவுக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய கேம் ஓட மாட்டேன் என்கிறது, நோ-சிடி பேட்ச், அதாவது டிஸ்க் சோதனையைத் தாண்டி கேமை ஓட வைக்கும் க்ராக், கிடைக்குமா என்று ஒருவர் கேட்டார். உடனே ஒரு நியாயவான் வந்து, "காசு கொடுத்து வாங்கத் துப்பில்லாதவன்தான் க்ராக் தேடுவான்" என்று எழுதிவிட்டுப் போனார். அதற்கு லைக் வேறு குவிகிறது. கேட்டவர் தன் டிஸ்க்கைப் படம் எடுத்தே போட்டிருந்தார். அது யார் கண்ணிலும் படவில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். காப்பி எடுக்க விடாமல் தடுக்கும் பூட்டு சினிமா டிஸ்க்கிலும் உண்டு, கேம் டிஸ்க்கிலும் உண்டு. சினிமா டிஸ்க்கின் பூட்டு காசு கொடுத்தவன் கண்ணில் படாது. கேம் டிஸ்க்கின் பூட்டு காசு கொடுத்தவன் கண்ணில் மட்டும்தான் படும்.

டிவிடியில் இருந்தது சிஎஸ்எஸ் என்ற பூட்டு. 40 பிட் சாவி, அதுவும் பிளேயருக்குள்ளேயே இருக்கும். போட்டால் படம் ஓடும், அவ்வளவுதான். 1999ல் டிசிஎஸ்எஸ் என்ற சின்ன நிரல் அந்தப் பூட்டை உடைத்தது. அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் டிவிடி விற்றது, சினிமா ஒன்றும் அழிந்துவிடவில்லை. அன்று வாங்கிய டிஸ்க் இன்றைக்கும் ஓடுகிறது.

"ஒரு நாட்டு டிஸ்க்கை இன்னொரு நாட்டு பிளேயரில் ஓட விடாத ரீஜன் கோடை மறந்துட்டீங்களா?" என்பீர்கள். மறக்கவில்லை, அதுவும் அயோக்கியத்தனம்தான். ஆனால் அட்டையிலேயே எண் போட்டிருக்கும், பார்த்து வாங்கலாம். மேலே போவோம்.

கணினி கேம்களுக்கு வந்தது சேஃப்டிஸ்க் என்ற பூட்டு. அந்தக் காலத்து சிடி ரைட்டர்கள் சரியாக எழுத முடியாமல் தடுமாறும்படி சில செக்டர்களை, அதாவது தகவல் துண்டுகளை, டிஸ்க்கில் வேண்டுமென்றே வைப்பார்கள்; அவை சரியாக இல்லாத டிஸ்க்கைக் காப்பி என்று கேம் ஒதுக்கிவிடும். அது போதாதென்று இந்தச் சோதனைக்காக விண்டோஸுக்குள் ஆழமாக டிரைவர் என்று ஒரு நிரல். அந்த டிரைவரிலேயே பாதுகாப்பு ஓட்டை இருப்பது 2007ல் வெளியே வந்தது. 2015ல் விண்டோஸ் 10 அதை உள்ளே விடவே மறுத்தது. அதே வருடம் விஸ்டா, 7, 8க்கும் அப்டேட் வந்து அதை முடக்கியது. அதில் தப்பில்லை, ஓட்டையை அடைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் கேம் யாருக்கு நின்றுபோனது? டிஸ்க்கைப் பத்திரமாக வைத்திருந்தவனுக்கு. பூட்டை உடைத்த க்ராக் காப்பி வைத்திருந்தவனுக்கு அந்த டிரைவரே தேவைப்படவில்லை.

(கன்சோல்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். முதல் பிளேஸ்டேஷனில் டிஸ்க்கின் தடத்திலேயே ஒரு நெளிவு வைத்திருந்தார்கள், வீட்டு ரைட்டரால் அதை எழுத முடியாது. அந்த நெளிவு இருக்கிறதா என்ற சோதனை மெஷினுக்குள்ளேயே முடிந்தது. மெஷின் இருக்கும்வரை டிஸ்க்கும் ஓடும்.)

என்னிடம் ஒரு கேம் இருக்கிறது. பெயர் வேண்டாம். கைக்காசைச் சேர்த்து வைத்து வாங்கியது. கணினியில் டிஸ்க் போடும் டிரைவை மாற்றினேன், அன்றிலிருந்து "ஒரிஜினல் டிஸ்க்கைப் போடவும்" என்று திரையில் வந்தது. ஒரிஜினல் உள்ளேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது, சத்தம்கூடக் கேட்கிறது! கம்பெனிக்கு எழுதினேன். பில் கேட்டார்கள், அனுப்பினேன். டிஸ்க்கின் படம் கேட்டார்கள், இரண்டு பக்கமும் எடுத்து அனுப்பினேன். கடைசியில் வந்த பதில், "இந்தத் தயாரிப்புக்கான ஆதரவு நிறுத்தப்பட்டுவிட்டது." இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பில்லைத் தேடி வீட்டையே புரட்டியிருக்க மாட்டேன். என் அண்ணன் அதே கேமை யாரிடமோ காப்பி வாங்கி அதே அறையில் உட்கார்ந்து விளையாடினான். "காசு கொடுத்தியே, அனுபவி" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் எரிகிறது.

"படம் வெறும் டேட்டா, கேம் ஒரு நிரல், ரெண்டும் ஒண்ணா?" என்று ஒரு மேதாவி கேட்டிருந்தார். தொழில்நுட்பமாகச் சரி. சினிமா டிஸ்க் எந்தக் கம்பெனி பிளேயரிலும் ஓட வேண்டும், அதனால் எல்லோரும் உட்கார்ந்து பேசி ஒரே பூட்டை வைத்தார்கள். கேமில் ஆளாளுக்கு இஷ்டம். ஏன் அப்படி நடந்தது என்று விளக்கிவிட்டால் நடந்தது நியாயமாகிவிடுமா?

"முதல் சில வாரத்து விற்பனை முக்கியம்" என்பார்கள் கேம் கம்பெனிக்காரர்கள். சரி, அந்தச் சில வாரத்துக்குப் பூட்டு போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் கழற்றுவதற்கு என்ன கேடு? சில கம்பெனிகள் தாங்களே பேட்ச் விட்டு டிஸ்க் சோதனையை எடுத்தார்கள். முடியாத காரியம் இல்லை, மனசு இல்லை. 2008ல் ஸ்போர் என்ற கேம் வந்தபோது அதை மூன்று முறைக்கு மேல் ஆக்டிவேட் செய்ய, அதாவது இணையம் வழியாகக் கணினியில் பதிவு செய்து திறக்க, முடியாது என்றார்கள். வாங்கினவர்கள் கூச்சல் போட்ட பிறகு அது ஐந்தானது. அந்த வருடம் மிக அதிகமாகத் திருட்டுத்தனமாக இறக்கப்பட்ட கேம்களில் அதுவும் ஒன்று. பூட்டு யாரைத் தடுத்தது?

இப்போது பழைய கேம்களையே பூட்டில்லாமல் இணையத்தில் விற்கிறார்கள். நல்லது. ஆனால் ஏற்கெனவே வாங்கினவன் இரண்டாவது முறையும் காசு கொடுக்க வேண்டும். கொடுத்தேன். அந்தக் கேமுக்கு இரண்டு தடவை காசு கொடுத்தவன் நான். எனக்குத் துப்பில்லையாம்.

அடுத்து கமெண்டில் "அப்போ பைரசியை ஆதரிக்கிறீங்களா?" என்று வருவார்கள். இல்லை. நான் வாங்கினேன், பில் இன்னும் இருக்கிறது. நேற்று அங்கே லைக் போட்டவர்களில் எத்தனை பேரிடம் இருக்கிறது?