சுசுகி மண்டலினும் சுசுகி மோட்டார் சைக்கிளும்

"வீட்டில் கிடக்கும் ஜப்பான் சுசுகி மண்டலின், மோட்டார் சைக்கிள் கம்பனி செய்தது, வெறும் தகரச் சத்தம், எறியுங்கோ" என்று ஒரு குரல்பதிவு வன்னி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. பிழை. இரண்டுக்கும் பெயர் மட்டுமே ஒன்று.

நகோயாவில் மசாகிச்சி சுசுகி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வயலின் செய்யத் தொடங்கினார். பிள்ளைகளுக்கு வயலின் படிப்பிக்கும் சுசுகி முறையை உருவாக்கிய ஷினிச்சி அவருடைய மகன். மண்டலின்கள் வந்தது அந்தப் பட்டறையில் இருந்துதான். மோட்டார் கம்பனி வேறு: ஹமாமட்சுவில் மிச்சியோ சுசுகி 1909இல் தொடங்கிய தறித் தொழிற்சாலை, 1952இல்தான் மோட்டார் பூட்டிய சைக்கிளுக்கு வந்தது.

குழப்பம் யமஹாவால் வந்திருக்கலாம். அங்கே உண்மையிலேயே ஒரே வேர்தான். ஆர்மோனியம் போன்ற ரீட் ஓர்கன் செய்த கம்பனியிலிருந்து 1955இல் மோட்டார் பிரிவு தனியானது. கிளிநொச்சிச் சந்தியில் நிற்கும் எந்த யமஹாவின் சின்னத்தையும் பாருங்கோ, மூன்று இசைக்கவைகள் தெரியும்.

தரத்தைப் பெயர் சொல்லாது. ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கோ: மேலே ஓடும் மரவரி விளிம்பிலும் இறங்கினால் முழுப்பலகை, அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. ஒட்டுப்பலகையிலும் பிள்ளை நன்றாகப் பழகலாம். குடமுதுகுப் பழைய மண்டலினுக்குத் தடித்த தந்தி மட்டும் பூட்டவேண்டாம், முகப்பலகை அமிழ்ந்துவிடும். இடம்பெயர்வுகளுக்குள்ளும் காத்துக் கொண்டுவந்த வாத்தியத்தை ஒரு குரல்பதிவை நம்பி எறியாதேங்கோ.