வாடகை உச்சவரம்பு: மும்பை மாட்டுங்காவிலிருந்து ஒரு கருத்து

வாடகைக்கு அரசு உச்சவரம்பு விதித்தால் எளியவர்களுக்கு வீடு கிடைத்துவிடும் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். மும்பையில் அதைச் செய்து பார்த்தாகிவிட்டது ஐயா. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் வாடகையை 1940-இல் இருந்த அளவிலேயே நிறுத்தியது. அன்றைய வீட்டுப் பஞ்சத்தில் அது தேவைப்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் அரை நூற்றாண்டு அப்படியே விட்டுவைத்தார்களே!

மாட்டுங்காவில் நான் வளர்ந்தது அத்தகைய கட்டடத்தில்தான். நாங்கள் கொடுத்த மாத வாடகையில் ஒரு வேளைச் சாப்பாடுகூட வாங்க முடியாது. அதை வைத்து வீட்டுக்காரர் எதைப் பழுதுபார்ப்பார்? மழைக்காலத்தில் மேல்தளக் காரை பெயர்ந்து விழும். அம்மா எங்களைச் சுவரோரமாகப் படுக்கவைத்துவிட்டு இரவெல்லாம் விழித்திருப்பார். ஊரிலிருந்து புதிதாக வந்த சித்தப்பாவுக்கோ அந்த மலிவு வாடகை எட்டவேயில்லை. உள்ளே நுழையவே 'பகடி' என்று மொத்தமாகப் பெருந்தொகை கேட்டார்கள். அவர் தாராவிக் குடிசைக்குப் போனார்.

வாடகையை அப்படி உறையவைத்தது நியாயமற்றதாகிவிட்டது என்று உச்ச நீதிமன்றமே 1997-இல் சொன்னது. பிறகு வந்த 1999 சட்டம் ஆண்டுக்கு 4 சதவீத உயர்வை அனுமதித்தது. அதற்குள் எத்தனையோ கட்டடங்கள் முட்டுக்கொடுத்து நின்றன.

அரசு ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று நான் கேட்கவில்லை. வாடகை வீடுகளை அரசே கட்டட்டும், ஏழைகளுக்கு வாடகையில் ஒரு பங்கைத் தன் கருவூலத்திலிருந்து கொடுக்கட்டும்.