சம்பளச் சிட்டையை மட்டும் பார்த்து ஊர் மாறாதீர்கள்

ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கத்துத் தாதியர் மத்தியில் இப்போது ஒரே பேச்சு: கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரியா, சவூதியா, லண்டனா? பலரும் மாதச் சம்பளத் தொகை ஒன்றை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். என் கருத்து சிலருக்குக் கசக்கலாம். மலையகத்தில் அரச நியமனம் கையில் இருக்கும் ஒருவர் கொழும்புத் தனியாருக்குப் போவது பெரும்பாலும் நட்டம். வெளிநாடு லாபம்தான், ஆனால் தாதியர் பதிவு சரியாக இருக்கவேண்டும், வட்டிக் கடனில் விமானம் ஏறக்கூடாது.

முதலில் கொழும்புக் கதை. தனியார் சொல்லும் தொகையை உங்கள் அடிப்படைச் சம்பளத்தோடு ஒப்பிடாதீர்கள். அரசில் அடிப்படைக்கு மேல் வாழ்க்கைச் செலவுப் படி 17,800 ரூபா இருக்கிறது, ஓட்டி (மேலதிக நேரக் கொடுப்பனவு) இருக்கிறது, கடைசியில் ஓய்வூதியம் இருக்கிறது. தனியாரில் ஈபிஎஃப் என்ற ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் 8 வீதம் வெட்டுவார்கள், முதலாளி அதற்கு 12 வீதமும் ஈடிஎஃப் என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் போடவேண்டும். அது எந்தத் தொகையின் மேல் போடப்படுகிறது என்று நியமனக் கடிதத்திலேயே பாருங்கள். அடிப்படையைச் சின்னதாக வைத்து மிச்சத்தை 'ஊக்குவிப்பு' என்று எழுதியிருந்தால் ஈபிஎஃப்பும் சுருங்கும், ஓட்டியும் சுருங்கும்.

அதைவிடப் பெரிய ஓட்டை வேறு. தோட்டத்து வீட்டில் அம்மா அப்பா, படிக்கிற தம்பி தங்கச்சி இருக்கிறார்கள். நீங்கள் கொழும்புக்குப் போனதற்காக அந்த அடுப்பு அணையப் போவதில்லை. ஊரில் ஒரு அடுப்பு, போர்டிங்கில் இன்னொரு அடுப்பு. அதற்கு மேல் போர்டிங் அட்வான்ஸ், மாதம் ஒரு தடவையாவது வீட்டுக்கு வந்துபோகும் செலவு, தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் கை நிறையக் கொண்டுவரவேண்டிய சாமான். சம்பளம் 40,000 கூடினாலும் இவை 45,000 தின்றால் நீங்கள் வீட்டுக்கு அனுப்புவது குறைகிறது. இப்போது வருமான வரி மாதம் 150,000 ரூபாவைத் தாண்டிய பகுதிக்குத்தான். அந்தக் கோட்டைத் தொடுகிறவர்கள் வரி வெட்டிய பிறகு வரும் தொகையைக் கணக்கில் எடுங்கள்.

மலையகத்துக்குள்ளேயே இடமாற்றம் வாங்குகிறவர்களும் கணக்குப் போடத்தான் வேண்டும். டிக்கோயா ஆதார வைத்தியசாலையோ, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையோ, பதுளையோ, குவாட்டர்ஸ் கிடைக்குமா என்பதுதான் முதல் கேள்வி. கிடைக்காவிட்டால் வாடகை அறைதான், அதோடு வருவது மின்சாரச் செலவு. நுவரெலியாவில் சுடுதண்ணி ஆடம்பரம் இல்லை. 3,000 வாட் ஹீட்டரை ஒருவர் பத்து நிமிடம் போட்டால் அரை யூனிட், மாதம் 15 யூனிட். ஒரே மீட்டரில் மூன்று பேர் என்றால் குளிப்புக்கு மட்டும் 45. நம் நாட்டுப் பில்லில் 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே விலை ஏறும், நிலையான கட்டணமும் கூடும். வீட்டுக்காரர் குடும்பமும் போர்டிங்காரரும் ஒரே மீட்டரில் இருந்தால் எல்லோரும் சேர்ந்து மேல் படிக்குப் போய்விடுவீர்கள். தனி மீட்டர், குறைந்தது ஒரு சப் மீட்டர் இருக்கும் அறையைத் தேடுங்கள். இன்னொன்று, ஏப்ரல் சீசனில் அறையை நாள் வாடகைக்கு விட்டால் நல்ல காசு என்று வீட்டுக்காரருக்கு ஆசை வரும். ஒப்பந்தத்தில் ஏப்ரல் மாதத்தையும் பெயர் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் சீருடை ஒரு நாளில் காயாது, இரண்டு செட்டோடு சமாளிக்க முடியாது. மதியம் ஒரு மணிக்கு ஏறி இரவு ஏழு மணிக்கு இறங்கும் டியூட்டி இன்னொரு செலவு: அந்த நேரத்தில் பல தோட்டங்களுக்குக் கடைசி பஸ் போயிருக்கும். மாதம் பத்து நாள் ஆயிரம் ரூபா ஆட்டோ என்றால் பத்தாயிரம். நகரத்துக்குள் அறை வாடகை கூடுதலாகத் தெரிந்தாலும் இந்தப் பத்தாயிரத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

இனி வளைகுடா. சவூதி ரியால் ஒரு டொலருக்கு 3.75 என்று மாறாமல் பிணைக்கப்பட்டது, எமிரேட்ஸ் திர்ஹம் 3.67. ஆகவே 4,500 ரியால் 1,200 டொலர். டொலர் 300 என்றால் 360,000 ரூபா, 280 ஆனால் 336,000. அங்கே ஒரு ரியாலும் குறையாமலேயே இங்கே 24,000 குறைகிறது. ரூபாயில் கடன் வாங்கிப் போகிறவருக்கு இது கழுத்தை இறுக்கும், வட்டிக்காரர் டொலர் விலை பார்ப்பதில்லை.

ஒப்பந்தத்தில் மொத்தத் தொகைக்கு முன்னால் அடிப்படைச் சம்பளத்தைப் பாருங்கள். எமிரேட்ஸில் முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாக, வேலையை விட்டுப் போகும்போது வரும். 5,000 திர்ஹமில் அடிப்படை 3,500 என்றால் வருடம் 2,450. அடிப்படை 2,000 என்றால் 1,400தான். நான்கு வருடத்தில் வித்தியாசம் 4,200 திர்ஹம், மூன்று லட்சம் ரூபாவுக்கு மேல். சவூதியில் இரண்டு வருடம் முடிந்து ஐந்துக்கு முன் நீங்களாக ராஜினாமா செய்தால் பணிக்கொடையில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். இதை ஏஜென்சி சொல்லாது. தங்குமிடம், சாப்பாடு, டிக்கெட், வாரம் எத்தனை மணித்தியாலம், ஓட்டி என்ன வீதம் என்பதும் எழுத்தில் இருக்கவேண்டும்.

லண்டன் என்கிறார்கள், வேலை பெரும்பாலும் வேறு ஊரில். 2025-26இல் அங்குள்ள அரச மருத்துவமனைகளில் பதிவுபெற்ற தாதியின் ஆரம்பப் படியான பேண்ட் 5இன் ஆரம்பச் சம்பளம் வருடம் 31,049 பவுண். வரி, தேசியக் காப்புறுதி, ஓய்வூதியப் பங்கு போகக் கைக்கு மாதம் ஏறக்குறைய 2,000. தனி ஆள், பகிர்ந்த வீட்டில் ஒரு அறை என்றால் பாதியளவு மிச்சம் பிடிக்கலாம். குடும்பத்தைக் கூப்பிட்டு முழு வீடு எடுத்தால் கவுன்சில் வரியும் சேர்ந்து அந்த மிச்சம் கரைந்துவிடும், துணைவரும் வேலைக்குப் போனால்தான் தாங்கும். அங்கே தாதியாகப் பதிய எழுதவேண்டிய ஆஸ்கி என்ற செய்முறைப் பரீட்சைக்குக் கட்டணம் 794 பவுண். அது பாஸாகும் வரை பேண்ட் 5 கிடைக்காது, கீழ்ப் பேண்ட் சம்பளம்தான். ஆங்கிலத்துக்கு ஐஈஎல்டிஎஸ் அக்கடமிக் பரீட்சையில் கேட்டல், வாசித்தல், பேசுதலுக்கு 7, எழுத்துக்கு 6.5. நம் பிள்ளைகள் பலருக்குத் தடுக்குவது எழுத்து. அங்குள்ள அரச மருத்துவமனைகளும் இப்போது முன்புபோல் ஆள் எடுப்பதில்லை. வேலை உறுதியாகாமல் பரீட்சைக்கு மேல் பரீட்சையாகக் காசைக் கொட்டவேண்டாம்.

உயர்தரம் முடித்த தங்கச்சிமாருக்கு ஒன்று. 'நர்ஸிங்' என்று பலகை போட்ட எல்லா வகுப்பும் தாதியர் படிப்பு ஆகாது. முடித்தால் இலங்கைத் தாதியர் பேரவையில் பதியலாமா என்று காசு கட்டுமுன் பேரவையிடமே கேளுங்கள். அந்தப் பதிவு இல்லாமல் போனால் வளைகுடாவில் டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ் சரிபார்ப்பைத் தாண்டுவது கஷ்டம். உதவியாளர் விசாவில் போய் தாதி வேலை செய்து, உதவியாளர் சம்பளம் வாங்கவேண்டி வரும்.

அரச சேவையில் இருப்பவர்கள் அவசரப்பட்டு ராஜினாமா எழுதாதீர்கள். 2022இல் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகச் சுற்றறிக்கை வந்தது. இன்றைய நிபந்தனைகளையும், பயிற்சி ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் பாக்கி என்பதையும் உங்கள் வைத்தியசாலை நிர்வாகக் காரியாலயத்தில் கேட்டுவிட்டு ஏஜென்சியிடம் போங்கள். ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். அதற்கு முன் பாஸ்போர்ட்டையோ, மூலச் சான்றிதழையோ, அட்வான்ஸையோ யார் கையிலும் கொடுக்காதீர்கள்.