மீல் மேக்கரில் 52 கிராம் புரதம்: எந்த 100 கிராமுக்கு?

"வெந்த மீல் மேக்கர் 100 கிராம் சாப்பிட்டாலே 52 கிராம் புரதம்"னு ஒரு சமையல் பதிவில் போட்டிருக்காங்க. அந்த 52 பாக்கெட்டில் இருக்கிற காய்ந்த உருண்டைக்கான கணக்குங்க. ஊறினதும் தண்ணீரைக் குடிச்சு எடை கிட்டத்தட்ட மூணு மடங்காகும், புரதம் ஏறாது. அதனால வெந்த 100 கிராமில் சுமார் 17 கிராம்தான் இருக்கும். புரதக் கணக்கு பார்த்துச் சாப்பிடுறவங்க இதை நம்பினா பாதிகூடக் கிடைக்காது. ஊறப்போடுறதுக்கு முன்னாடியே எடை போடுங்க. காய்ந்தது 30 கிராம்னா சுமார் 16 கிராம் புரதம்.

"ஊறின தண்ணியைக் கொட்டினா சத்தெல்லாம் போயிடும்"னு அதே பதிவில் சொன்னதும் சரியில்லை. புரதத்தில் பெரும்பகுதி உருண்டைக்குள்ளேயே நிற்கும். அந்தத் தண்ணீரோட போகவேண்டியது சோயாவின் பச்சை வாடைதான். கொதிக்கிற உப்புத் தண்ணீரில் 10 நிமிஷம் போட்டு, பச்சைத் தண்ணீரில் ரெண்டு தடவை அலசி, உள்ளங்கைக்கு நடுவில் வெச்சு அழுத்துங்க. முதலில் மஞ்சளா நுரை வரும்; தெளிஞ்ச தண்ணீர் வர்ற வரைக்கும் விடாதீங்க. அரைகுறையாப் பிழிஞ்சா உள்ளே பழைய தண்ணீர் தங்கிடும், மசாலா இறங்க இடமிருக்காது. எண்ணெயில் போட்டா தெறிக்கவும் செய்யும்.